காடும் றோட்டும்

ஒட்டுசுட்டான்
ஆடி மாதம்

அன்புச் சிநேகிதிக்கு,

உன்ர கடிதம் கிடைச்சது. மகள் சைக்கிள் கழகத்தில சேர்ந்த செய்தியை அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். "நூலைப் போல சேலை, வேறென்ன" எண்டு சொல்லி அவவுக்கு ஒரே சந்தோசம். வீட்டில எல்லாரும் சுகம். மழை இல்லாமல் கிணறு இறங்கிப் போச்சு, ஆனாலும் கச்சான் பயிர் தப்பீட்டுது.

ஒரே சனி ஞாயிறில சைக்கிளில காட்டோட்டமும் றோட்டோட்டமும் ஏன், ஒண்டைத் தெரிஞ்செடுத்து அதில வடிவாச் செய்யலாமே எண்டு கேட்டிருந்தாய். ரெண்டும் முடிஞ்சு வந்து, கால் நோவு ஆறமுந்தியே இதை எழுதுறன்.

சனிக்கிழமை முத்தையன்கட்டில. குளக்கட்டில தொடங்கி, வாய்க்கால் கரையால இறங்கி, பாலை, வீரை மரங்கள் நிக்கிற காட்டுக்குள்ள போய்த் திரும்பக் கட்டில ஏறோணும். இப்படியே சுத்துச் சுத்தா. யானை வந்துபோன லத்தி தடத்தில புதுசாக் கிடந்தது. அதனால நல்லா விடிஞ்ச பிறகுதான் ஓட்டத்தைத் தொடங்கினவை. மாடு சாய்க்கிற, விறகுக்குப் போற, சனம் நாளாந்தம் புழங்கிற தடத்தில மட்டும்தான் நாடா கட்டியிருந்தது. மிதிவெடி அகற்றி முடிஞ்ச இடமெண்டாலும் நாடாவுக்கு அங்கால கால் வைக்கக் கூடாதெண்டு திரும்பத் திரும்பச் சொன்னவை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது தெரியாததே? அந்தக் காட்டுக்குள்ள இண்டைக்குப் பள்ளிக்கூடப் பெட்டையள் முதுகில இலக்கம் குத்திக்கொண்டு ஓடினதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சடி.

காட்டோட்டத்தில தொடக்கம்தான் பொல்லாதது. தடம் ஒடுக்கம், உள்ளுக்குப் போனால் முந்த இடமில்லை. அதனால முதல் இருநூறு மீற்றரிலேயே உயிரைக் குடுத்து மிதிக்கோணும். பிறகு நீயும் பாதையும்தான். வேகம் குறைவெண்டபடியால் ஒருத்தருக்குப் பின்னால ஒளிஞ்சு காத்தை மறைக்கிறதில பெரிசா லாபமில்லை. பாலை வேர் குறுக்க ஓடுற இடத்தில எழும்பி நிண்டு, முழங்கையையும் முழங்காலையும் இளக்கி விடோணும். மணலில ஹான்டிலை இறுக்கினியோ, முன்சில்லு புதையும். பின்பக்கம் பாரத்தைப் போட்டு, விடாமல் மிதிச்சுக்கொண்டே போகோணும். கண் முன்சில்லைப் பார்க்கக் கூடாது, பத்தடி தள்ளிப் பார்க்கோணும். ரயரில காத்தழுத்தம் 22 பி.எஸ்.ஐ. தான் வைச்சிருந்தனான். பெருவிரலால அமத்தினால் உள்வாங்கும், அப்பதான் வேரைப் பிடிக்கும். பெண்கள் பிரிவில மூண்டாவதா வந்தன்.

ஒன்பது மணிக்கு முடிஞ்சுது. அடுத்த நாள் காலமை ஆறரைக்கு முல்லைத்தீவில நிக்கோணும். தசையில சேமிச்ச மாச்சத்து முழுக்க நிரம்ப ஏறக்குறைய 24 மணித்தியாலம் வேணும். எனக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஆனபடியால் சைக்கிளைக் கழுவமுந்தியே வாழைப்பழமும் பனங்கட்டியும், மத்தியானம் சோறு, இரவு புட்டு. இடையில உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி. ரெண்டு நாள் ஓடுறவைக்கு இரண்டாம் நாள் ஓட்டம் முதல்நாள் சாப்பாட்டுக் கோப்பையில தொடங்கிடும்.

ஞாயிறு முல்லைத்தீவிலயிருந்து மாங்குளம் சந்தி வரைக்கும், ஏறக்குறைய 50 கிலோமீற்றர். றேஸ் சைக்கிள், 28 மில்லிமீற்றர் ரயரில 70 பி.எஸ்.ஐ. முள்ளியவளை தாண்டும் வரைக்கும் ஒருத்தரும் அவசரப்படேல்லை. பிறகு சோளகம் எழும்பி முகத்துக்கு நேர அடிக்கத் தொடங்கிச்சுது. அந்தக் காத்துக்கு முன்னுக்குப் போறவளின்ர சில்லோட ஒட்டி ஓடினால் கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு உழைப்பு மிஞ்சும். அதனால ஆளாளுக்கு மாறி மாறி முன்னுக்குப் போனம். எங்கட ஊர்ச் சந்தியில அம்மா நிண்டு கை காட்டினா. ஒரு கையை எடுத்து ஆட்டக்கூட முடியேல்லை, அவ்வளவு நெருக்கம்.

ஒண்டு சொல்லோணும். மேற்க போறபடியால் காலமை வெயில் முதுகில. எங்கட நிழல் எல்லாம் நீளமா முன்னுக்கு றோட்டில விழுந்தது. திரும்பிப் பார்க்காமலே பின்னுக்கு ஆர் எழும்பி மிதிக்கினம் எண்டு நிழலில தெரிஞ்சுது. ஒலுமடுவுக்குக் கிட்ட ஒரு நிழல் வலப்பக்கம் விலகி நீளுறதைக் கண்டவுடனேயே நானும் எழும்பினன். அதனாலதான் அவள் பிரிஞ்சு போகேக்க நான் அவளின்ர சில்லில இருந்தன்.

அதுக்கு முதல், கரிப்பட்டமுறிப்பில ஒரு மாட்டுப் பட்டி றோட்டை மறிச்சது. இடப்பக்கம் கிரவல் கரைக்கு இறங்கினால்தான் வழி. றோட்டோட்டம் மட்டும் ஓடுற பிள்ளையள் பிறேக் பிடிச்சு நிண்டிட்டினம். எனக்கு முதல்நாள் பழக்கம் உடம்பில இருந்தது. பிறேக்கைத் தொடாமல் இளக்கி விட்டு இறங்கி ஏறிட்டன். உன்ர கேள்விக்கு இதைவிட வேற என்ன மறுமொழி சொல்ல? காடு கையைப் பழக்குது, றோட்டு புத்தியைப் பழக்குது. கடைசி இழுப்பில அந்தப் பிரிஞ்சு போனவள் ஒரு சில்லு முன்னுக்கு, நான் இரண்டாவது. நல்ல பிள்ளை, மல்லாவிப் பக்கம், பதினேழு வயசு.

நீ இருக்கிற நாட்டிலயே பார். டோக்கியோ ஒலிம்பிக்கில பெண்களின்ர மவுண்டன் பைக் பதக்கம் மூண்டும் சுவிஸுக்குத்தான் போனது, ஜொலான்டா நெஃப், சினா ஃப்ரை, லிண்டா இண்டர்கண்ட். 2024இல பாரிஸில அதே போட்டியில தங்கம் எடுத்த பிரெஞ்சுக்காரி பொலின் ஃபெரான்-பிரெவோ, அடுத்த வருசமே பெண்களின்ர டூர் டி பிரான்ஸ் றோட்டோட்டத்தில முதலாவதா வந்தா. ரெண்டும் ஒரு உடம்புக்குள்ள அடங்கும். எங்கட பெட்டையள் அஞ்சு கட்டை, ஆறு கட்டை தூரம் எண்டு கிரவலிலயும் தாரிலயும் மாறி மாறித்தான் பள்ளிக்கூடம் போகினம். அவையளுக்குப் பாதி பயிற்சி ஏற்கெனவே முடிஞ்சுது. ஓ.எல். சோதனை முடிய சைக்கிளைத் தம்பிக்குக் குடுத்திட்டு வீட்டில இருக்கிறதுதான் என்னைத் தின்னுது. அதுக்காகவே அடுத்த ஓட்டத்துக்குப் பதினெட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவு கேட்டு எழுதிக் குடுத்திருக்கிறன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவாய்தானே. வரேக்க மகளின்ர கழகத்தில பிள்ளையளுக்குச் சின்னனாப் போன ஹெல்மெற் இருந்தால் கொண்டுவா. இடிபட்டு வெடிச்சது வேண்டாம், அது தலையைக் காக்காது. இங்க ரெண்டு பேர் ஒரு ஹெல்மெற்றை மாத்தி மாத்திப் போட்டு ஓடினவை. தலைச் சுற்றளவு 52இல இருந்து 56 சென்ரிமீற்றர் வரைக்கும் காணும்.

உன்ர,
பின் கரியரில நீ ஏத்தித் திரிஞ்சவள்