ராக் பாட்டு இரண்டு வருட மோகமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஊட்டி கோடை விழா பற்றிய கட்டுரையில், 'கிட்டார் கோஷ்டிகளின் இரைச்சல், விடுதிப் பள்ளிப் பிள்ளைகளின் இரண்டு வருட மோகம்' என்று ஒரு வரி. எழுதியவர் சின்னவராக இருக்கலாம். ஆனால் உங்கள் பார்வையைத் தாண்டித்தானே அது அச்சுக்குப் போயிருக்கும்? விவரம் தெரிந்த நீங்களே விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் 1962-இல் தொடங்கிய ராக் குழு. 2023-இல் புது ஆல்பம் போட்டபோது அதன் பாடகர் மிக் ஜாகருக்கு வயது 80. பீட்டில்ஸ் குழு 1970-லேயே பிரிந்தார்கள், அதில் ஒருவரான ஜான் லென்னன் 1980-இல் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டில் பதிந்து வைத்திருந்த பழைய கேசட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து, 2023-இல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். என் பேத்தி அதை எனக்கு முன்பே கேட்டுவிட்டாள். குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனி மலையில் விடுதிப் பள்ளியில் படித்தவர்தான். பாண்டு சேர்த்து வாசிக்க ஆரம்பித்ததும் அங்கேதான். அந்தப் பிள்ளைகளை ஏன் இளக்காரமாக எழுத வேண்டும்?

நான் விடுதிப் பள்ளியில் படித்தவனும் இல்லை. அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரித் தொழிலாளி, நான் அரசுப் பள்ளி, தமிழ் வழி. பக்கத்து லைன் வீட்டு அண்ணன் பதிந்து கொடுத்த கேசட்டில்தான் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவைக் கேட்டேன். மழைக்காலத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். அலமாரிக்குள் 40 வாட்ஸ் பல்பு எரியவிட்டு, துணிமணியோடு கேசட்டையும் காப்பாற்றுவோம். அப்படியும் பூத்துவிட்டால் பென்சிலால் சுற்றிச் சுற்றிப் பஞ்சால் துடைக்க வேண்டும். என் மகன் கிட்டார் எடுத்ததும் முதலில் வாசித்தது அதே குழுவின் 1972-ஆம் வருடப் பாட்டின் தொடக்கத்தை. இப்போது பேத்தியும் அதில்தான் ஆரம்பித்திருக்கிறாள். ஒரு தந்தியிலேயே தடவித் தடவிக் கண்டுபிடித்துவிடலாம், அவ்வளவு எளிது. நாலு பிள்ளைகளும் ஒரு கார் ஷெட்டும் இருந்தால் போதும், கேட்டவர்களே வாசிப்பவர்களாகிவிடுகிறார்கள். இந்தப் பாட்டுகள் தலைமுறை தாண்டி நிற்பது அதனால்தான் என்பது என் அனுபவம்.

எங்கள் மலையின் படுகர் ஹட்டியில் (ஊரில்) தாத்தாவும் பேரனும் ஒரே வட்டத்தில் ஆடுவதைப் படம் எடுத்து, பாரம்பரியம் என்று நீங்களே போட்டீர்கள். மனதுக்கு நிறைவாக இருந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஒரே பாட்டை ரசித்தால் மட்டும் மோகமா?

அப்புறம், போன வருடம் மலை ரயில் பற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டினீர்கள். சரி, இடமில்லை போல என்று இருந்துவிட்டேன். மே மாதம் மலர்க் கண்காட்சி என்றால் நாங்கள் அட்டைப் படத்தில் இருப்போம். ஜூனில் மழை பிடித்ததும் இங்கே மனிதர்கள் இருக்கிறார்களா என்றுகூட நீங்கள் கேட்பதில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் ராக் வாசிக்க ஒரு மண்டபத்தில் இடம் கேட்டபோது, சினிமாப் பாட்டு வாசிப்பதானால் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அதையும் உங்களுக்கு எழுதினேன். வரவில்லை.

அந்தப் பையன்கள் அடுத்த மாதம் குன்னூரில் வாசிக்கிறார்கள். இடம், நேரம் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். நிகழ்ச்சிகள் பகுதியில் இரண்டு வரி போடுங்கள். கட்டுரை எழுதியவரையும் அனுப்பிவைத்தால் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
குன்னூர்