வெளியிலிருந்து வரும் இணைப்புகள் தடைபடுவது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வீட்டு ஃபைபர் இணைப்பு வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: வெளியிலிருந்து என் வீட்டு இணைப்பை நேரடியாக அடைய உதவும் எண்ணான பொது ஐபி முகவரியை முன்னறிவிப்பின்றிப் பறித்ததும், அதை மறைத்துத் தவறான ஆலோசனை வழங்கியதும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். கணக்குக் கோப்புகள் அனைத்தும் என் வீட்டுக் கணினியில் இருக்கின்றன. வெளியூர் போனால் வயர்கார்டு விபிஎன் என்ற பாதுகாப்பான மறைகுறியாக்க இணைப்பு வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்து வேலை பார்ப்பேன். இணைப்பை 'மேம்படுத்தியதாக' நீங்கள் குறுஞ்செய்தி அனுப்பிய நாளிலிருந்து அது முடியவில்லை. இணையதளங்களும் வீடியோவும் முன்பைவிட வேகமாக வருகின்றன என்பது உண்மை. ஆனால் வெளியிலிருந்து என் வீட்டுக்கு எதுவும் வந்து சேருவதில்லை.

போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண். உங்கள் உதவி மையத்தில் பேசியவர் ஒரு போர்ட் சோதனை இணையதளத்தில் வயர்கார்டின் வழக்கமான எண்ணான 51820ஐப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்கள் கணினியில்தான் மூடியிருக்கிறது" என்றார். அத்தகைய தளங்கள் பெரும்பாலும் டிசிபி போர்ட்டைத்தான் சோதிக்கும். வயர்கார்டு பயன்படுத்துவது யுடிபி என்ற வேறொரு தகவல் அனுப்பும் முறை. உரிய சாவி இல்லாமல் வருகிற யாருக்கும் அது பதிலே சொல்லாது. அதன் பாதுகாப்பே அதுதான். நன்றாக இயங்குகிற வயர்கார்டுகூட அந்தத் தளத்தில் மூடியதாகவே தெரியும்.

ஆகவே வேறு வழியில் சோதித்தேன். கணினியில் 8080 போர்ட்டில் ஒரு சிறு வெப் சர்வரை ஓடவிட்டு, விண்டோஸ் ஃபயர்வாலில் அதற்கு அனுமதி கொடுத்து, அந்த போர்ட்டுக்கு வெளியிலிருந்து வருவதைக் கணினிக்கு அனுப்பும்படி ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் அமைத்தேன். வீட்டு வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியில் பக்கம் உடனே திறந்தது. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தால் திறக்கவில்லை. பிறகு ரவுட்டரில் வெளி இணைப்பின் விவரங்களைக் காட்டும் வான் (WAN) பக்கத்தைப் பார்த்தேன். அதிலிருந்த முகவரி 100.80 என்று தொடங்கியது. வெளியுலகம் என்னை அறியும் முகவரியோ முற்றிலும் வேறு.

100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் இணைய நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் சிஜி-நாட் முறை அது. நாங்கள் கேட்காமல் வெளியிலிருந்து வரும் பாக்கெட் (தகவல் துண்டு) யாருக்கு உரியது என்று உங்கள் கருவிக்குத் தெரியாது, அங்கேயே கைவிட்டுவிடும். என் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. நூறு வீட்டுக்கு ஒரே கதவு எண்ணைக் கொடுத்துவிட்டு, கடிதம் வரவில்லை என்பவரிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பதுபோல இருக்கிறது உங்கள் ஆலோசனை.

பழைய வகை ஐபி முகவரிகளான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான் என்பதும், உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். பற்றாக்குறையை நான் குறை சொல்லவில்லை. 2017இல் வான்னாக்ரை என்ற கணினித் தீநிரல் பரவிய 445, ஸ்பேம் அனுப்பப் பயன்படும் 25 போன்ற போர்ட்களை நீங்கள் அடைத்தாலும் வரவேற்பேன். மாற்றத்தைச் சொல்லாமல் செய்ததும், கேட்டபோது என் கணினியின்மேல் பழி போட்டதும்தான் என் புகார்.

அதைவிட மோசம், வீட்டுக்கு வந்த உங்கள் தொழில்நுட்பப் பணியாளர் விண்டோஸ் ஃபயர்வாலை முழுதாக அணைக்கச் சொன்னது. ரவுட்டரில் கணினியை டிஎம்இசட்டில் போடுங்கள், அதாவது எல்லா போர்ட்களையும் வெளியுலகுக்குத் திறந்துவிடுங்கள் என்றும் சொன்னார். பிறருடைய பான் எண்ணும் வங்கி விவரங்களும் இருக்கிற கணினி அது. நான் மறுத்துவிட்டேன். விவரம் தெரியாதவர்கள் வேறு யாரெல்லாம் அந்த ஆலோசனையைக் கேட்டு அணைத்து வைத்திருக்கிறார்களோ! அந்த வருகைக்குக் கட்டணம் வேறு பில்லில் ஏறியிருக்கிறது.

எனவே என் இணைப்புக்கு மீண்டும் ஒரு பொது ஐபிவி4 முகவரி தர வேண்டும். அது மாறும் முகவரியாக இருந்தாலும் போதும். நிலையான முகவரிக்குரிய கூடுதல் சந்தாவை என்னிடம் கேட்க வேண்டாம். அது இயலாவிட்டால், முகவரிப் பற்றாக்குறை இல்லாத புதிய வகையான ஐபிவி6 வசதியை, உள்வரும் இணைப்புகளைத் தடுக்காமல் வழங்குங்கள். பணியாளர் வருகைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். என் இணைப்பு சிஜி-நாட்டுக்கு மாற்றப்பட்ட தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். உதவி மையத்தினர் ஃபயர்வாலை அணைக்கச் சொல்வதை உடனே நிறுத்துங்கள்.

உதவி மையம் தந்த புகார் எண்ணையும் ரவுட்டர் பக்கத்தின் படத்தையும் இணைத்துள்ளேன். உரிய பதில் வராவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்வேன். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்