மலைச்சாலை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்: வளைவுத் தடுப்புக்குக் கீழே ஒரு தகடு

நீலகிரி மலைச்சாலைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கு,

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா, வணக்கம்.

"ஐல் ஆஃப் மேன் தீவில் பைக் பந்தயம் திரும்ப வந்ததிலிருந்து நம்ம பையன்களும் மலைப்பாதையை ரேஸ் டிராக் ஆக்கிவிட்டார்கள்" என்று சென்ற வாரம் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் பேசப்பட்டது. அதே வாரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் புதிதாக இரும்புத் தடுப்பும் போட்டார்கள். பழைய தடுப்பைப் போலவே இதுவும் கீழே திறந்து கிடக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் எங்களை எழுத வைத்தன.

வேகமாக ஓட்டும் பையன்களுக்காக நாங்கள் வாதாட வரவில்லை. கோத்தகிரியிலும் குன்னூரிலும் வண்டி பழுதுபார்க்கும் எங்களுக்கு, எந்த வண்டி எப்படி விழுந்தது என்பதை அதன் கீறலைப் பார்த்தாலே தெரியும். ஃபுட்ரெஸ்ட் முனையும் ஹேண்டில்பார் முனையும் ஒரே பக்கமாகத் தேய்ந்து, முன்சக்கரம் கோணாமல் இருந்தால், வண்டி எதிலும் மோதவில்லை, வழுக்கிப் படுத்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட வண்டியைப் பெரும்பாலும் ஒரே நாளில் சரிசெய்து கொடுத்துவிடலாம். ஓட்டியவரை அப்படிச் சரிசெய்ய முடிவதில்லை. காரணம் வளைவுத் தடுப்பின் தூண்.

நீங்கள் அறியாதது அல்ல, இருந்தாலும் அளவோடு சொல்கிறோம். அலைபோல் வளைந்த அந்த இரும்புப் பட்டையின் அகலம் சுமார் 31 சென்டிமீட்டர். அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து 70, 75 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கீழே மிஞ்சுவது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். படுத்த நிலையில் ஒரு ஆள் நுழைந்துபோக அது தாராளம். பட்டையைத் தாங்கும் தூண்கள் 2 மீட்டருக்கு ஒன்று. உருண்டையும் அல்ல, விளிம்பு கூரான 'ப' வடிவச் சேனல் இரும்பு. பஸ்ஸும் காரும் பள்ளத்தில் பாயாமல் இந்தத் தடுப்பு காப்பாற்றுகிறது. அதற்கு நன்றி, அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் வழுக்கி விழுந்தவருக்கு அதே தடுப்பு வரிசையாக நட்ட கத்தி.

வேகமாகப் போனால்தானே விழுவார்கள் என்று கேட்பீர்கள். ஈரச்சாலையில் 40 கி.மீ. வேகத்தில் விழுந்தவர் சறுக்கி நிற்க 10 முதல் 15 மீட்டர் வரை ஆகலாம். நம் இருவழிச் சாலையின் அகலம் 7 மீட்டர். எனவே வளைவில் அவர் நிற்பதற்கு முன்பே தடுப்பு வந்துவிடும்.

விழவைப்பதற்கு வேகமே தேவையில்லை. கேரட்டைக் கழுவிச் சொட்டச் சொட்ட ஏற்றி இறங்கும் லாரிகள் விடியற்காலையில் வளைவுக்கு வளைவு தண்ணீர் சிந்திப் போகின்றன. டேங்க் வாய்வரை டீசல் அடித்த வண்டி கொண்டை ஊசியில் சாயும்போது மூடியோரம் கசிகிறது. மண் ஓரத்தில் சக்கரம் இறக்கித் திரும்பும் வண்டிகள் ஜல்லியைத் தார்மேல் இழுத்துவிடுகின்றன. சில்வர் ஓக் இலை நனைந்து தட்டையாக ஒட்டிக்கொண்டால் சோப்பு மாதிரி. இதற்கெல்லாம் மேலே, வேகத்தைக் குறைக்கவென்று வளைவுக்குள்ளேயே தடிமனாகப் போட்ட வெள்ளைப் பட்டைகள்! சாய்ந்திருக்கும் இருசக்கர வண்டிக்கு மழையில் நனைந்த பெயின்ட்டில் பிடிப்பே கிடையாது. அவற்றை வளைவுக்கு 30 மீட்டர் முன்னால், நேர்ச்சாலையில் போட வேண்டும்.

இனி கூட்டத்தில் குறிப்பிட்ட அந்தப் பந்தயம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள தீவில் நடக்கும் ஐல் ஆஃப் மேன் டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) கொரோனாவால் இரண்டு ஆண்டு நின்று 2022-இல் திரும்பியது. ஸ்நேஃபெல் மலையில் ஏறி இறங்கும் 60.7 கி.மீ. பொதுச்சாலை, 200-க்கு மேல் வளைவுகள். 2023-இல் பதிவான அதிவேகச் சுற்றின் சராசரியே மணிக்கு 219 கி.மீ. திரும்பி வந்த 2022-இல் மட்டும், பயிற்சி ஓட்டத்தையும் சேர்த்து, பந்தயம் நடந்த நாட்களுக்குள்ளேயே ஐந்து பேர் இறந்தார்கள். 1911 முதல் அந்தத் தடத்தில் இறந்தவர்கள் 250-க்கும் மேல். அப்படியொரு பந்தயம் நம் மலைக்கு ஒருநாளும் வேண்டாம்.

ஆனால் அதை நடத்துகிறவர்கள், ஓட்டுபவர் விழுவார் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, விழுந்தால் எதில் போய் மோதுவார் என்று யோசிக்கிறார்கள். கல் சுவர், விளக்குக் கம்பம், வீட்டு மூலை எனத் தெரிந்தெடுத்த இடங்களில் ஒரு காலத்தில் வைக்கோல் கட்டு வைத்தார்கள். இப்போது காற்றடைத்த தடுப்பு மெத்தைகளும் வைக்கிறார்கள். மலைமேல் மூடுபனி இறங்கி மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாது என்றால் பந்தயத்தையே நிறுத்திவிடுகிறார்கள். இங்கே மூடுபனிக்காகப் பால்காரர் நிற்க முடியுமா? தேயிலை ஃபேக்டரிக்கு இரவு ஷிப்ட் போகிறவர் நிற்க முடியுமா? விடிகாலையில் டியூட்டி மாற ஸ்கூட்டரில் கிளம்பும் நர்ஸம்மா டி.டி. பார்த்துவிட்டா வண்டி ஓட்டுகிறார்? தூண் எல்லோரையும் ஒரே மாதிரிதான் வெட்டுகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: கொண்டை ஊசி வளைவுகளின் வெளிப்பக்கத் தடுப்பில், மேல்பட்டைக்குக் கீழே இன்னொரு தகடு பொருத்துங்கள். ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் பல மலைச்சாலைகளில் இது இருக்கிறது.

30 மீட்டர் நீளமுள்ள ஒரு வெளிவளைவுக்கு 16 தூண்கள் வரும். 4 மீட்டர் தகடு என்றால் எட்டுத் துண்டு போதும். தகட்டைத் தூணோடு நேராக போல்ட் போட்டு இறுக்கிவிடாதீர்கள். மேல்பட்டையிலிருந்து தொங்கும் வளையக்கூடிய தாங்கிகளில், தூணுக்கு முன்னால் தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் மோதும் உடம்புக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இரண்டு தகடு சேரும் இடத்தில், வண்டி வரும் பக்கத்துத் தகடு சாலைப்பக்கம் மேலாகவும் அடுத்தது அதன் பின்னாலும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த விளிம்பே அரிவாள் ஆகிவிடும். போல்ட்டின் வழவழத் தலை சாலைப்பக்கம், நட்டு பள்ளத்துப்பக்கம். மழைநீரும் சேறும் போகத் தரைக்கும் தகட்டுக்கும் இடையே 5 சென்டிமீட்டர் விட்டால் போதும். அதற்கு மேல் விட வேண்டாம்.

நிதி வரத் தாமதமானால், அதுவரை பழைய டயரை வெட்டித் தூண்களின் கூர் விளிம்பை மூடிக் கட்டலாம். டயரும் ஆட்களும் நாங்கள் தருகிறோம். அனுமதி மட்டும் நீங்கள் தர வேண்டும். கேட்காமல் தடுப்பில் கை வைத்தால் அது எங்கள்மேல் வழக்காகும்.

நீலகிரிக்கு வர இ-பாஸ் முறை வந்த பிறகு எந்த நாளில் எத்தனை வண்டி மலையேறுகிறது என்ற கணக்கு அரசிடம் இருக்கிறது. சீசன் தொடங்கினால் ஊருக்குள் ரவுண்டானாவுக்குப் பெயின்ட் அடிக்கவும், வரவேற்பு வளைவு வைக்கவும், விளக்கு அலங்காரம் செய்யவும் பணமும் ஆளும் கிடைக்கின்றன. விபத்து நடந்தால் இரண்டு நாளைக்கு வண்டிகளைப் பிடித்து சைலன்ஸரைக் கழற்றுகிறார்கள், "வேகம் விவேகமல்ல" என்று ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். அந்த ஃப்ளெக்ஸையும் தடுப்புத் தூணிலேயே கட்டிவிட்டுப் போகிறார்கள். பல ஆண்டுகளாக இதைப் பார்த்து வருகிறவர்கள் நாங்கள். கோபம் வராமல் இல்லை. சொற்கள் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மழைக்குள் எல்லா வளைவும் முடியாது என்று தெரியும். இறக்கத்தில் வரும் வண்டி வெளிப்பக்கத் தடுப்பை ஒட்டித் திரும்பும் வளைவுகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் அதிகம் விழுகிறார்கள். அவற்றில் மட்டுமாவது கீழ்த்தகடு பொருத்தித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். புதிதாகப் போட்ட அந்த வளைவிலிருந்தே தொடங்கலாம், அங்கே போல்ட்டுகள் இன்னும் துருப்பிடிக்கவில்லை.

நேரில் பார்க்க வரும்போது ஒரு அளவு டேப் கொண்டு வாருங்கள். நாங்களும் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரி, குன்னூர் வட்டார இருசக்கர வாகன மெக்கானிக்குகள்