52 வெற்றி போதவில்லை, கோச்

அன்புள்ள கோச் ஜீன் பார்ட்டோ அவர்களுக்கு,

நீங்கள் 2012-இலேயே காலமாகிவிட்டீர்கள். ஆனாலும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிய பயிற்சியாளர் யாராவது ஓய்வுபெற்றால் எனக்கு முதலில் உங்கள் நினைவுதான் வருகிறது.

1975-இல் ஜான் வுடன் விட்டுச்சென்ற யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அணிக்கு நீங்கள் பயிற்சியாளராக வந்தீர்கள். 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டம் வென்ற மனிதர் அவர். பெரிய வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போன மருமகளின் பாடுதான் உங்களுக்கு. என்ன சமைத்தாலும் ‘மாமியார் கைப்பக்குவம் வராது’ என்றுதானே சொல்வார்கள்?

அந்த வீட்டைப் பற்றித் தெரியாமலும் நீங்கள் போகவில்லை. 1973 தேசிய இறுதிப் போட்டியில், நீங்கள் அப்போது பயிற்சி கொடுத்த மெம்பிஸ் ஸ்டேட் அணிக்கு எதிராகத்தான் யுசிஎல்ஏவின் பில் வால்டன் 22 முறை எறிந்து 21-ஐக் கூடையில் போட்டார். பக்கத்திலேயே நின்று பார்த்தவர் நீங்கள்.

முதல் ஆண்டே தேசியப் போட்டியில் அரையிறுதி. அங்கே தோற்றது இந்தியானாவிடம். அந்த ஆண்டு முழுக்க ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி அது. அடுத்த ஆண்டு ஐடஹோ ஸ்டேட்டிடம் 76-75, ஒரே ஒரு புள்ளி. அதே ஆண்டு உங்கள் வீரர் மார்க்கஸ் ஜான்சன் நாட்டின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். சரி, அதிலாவது உங்களுக்குப் பெயர் கிடைத்ததா? அப்போதுதான் தொடங்கிய அந்த விருதுக்குப் பெயரே ‘வுடன் விருது’!

இரண்டே ஆண்டுகளில் 52 வெற்றி, 9 தோல்வி. அதற்கும் குறை சொன்னார்கள். 1977-இல் கிளம்பிவிட்டீர்கள்.

எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. வுடன் யுசிஎல்ஏவுக்கு வந்தது 1948-இல். முதல் தேசியப் பட்டம் வாங்கியது 1964-இல். அவருக்கு 16 ஆண்டு பொறுத்த ஊர் அது. உங்களுக்குப் பிறகும் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். அடுத்த பட்டம் 1995-இல்தான் வந்தது.

டியூக் பல்கலைக்கழகம் கொஞ்சம் நிதானமாக நடந்துகொண்டது. அங்கே 42 ஆண்டு பயிற்சியாளராக இருந்த ‘கோச் கே’ (அவருடைய முழுப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை) 2022-இல் விலகினார். அவரிடமே ஆடி, 2010-இல் பட்டம் வென்ற அணியில் இருந்த ஜான் ஷேயர்தான் அடுத்தவர் என்று ஓராண்டு முன்பே சொல்லிவிட்டார்கள். அடுத்து வரும் பையன்களைப் பேசிச் சேர்க்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. மூன்றாம் ஆண்டில் 35 வெற்றி, அரையிறுதி. அங்கே ஹூஸ்டனிடம் கடைசி நிமிடத்தில் கையிலிருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். உங்கள் காலத்து லாஸ் ஏஞ்சலஸில் அது நடந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் வீட்டுப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டால் மட்டும் போதாது. வில்லனோவா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜே ரைட்டுக்குப் பின் வந்த கைல் நெப்டியூனும் அவரிடம் உதவியாளராக இருந்தவர்தான். மூன்று ஆண்டில் ஒருமுறைகூட தேசியப் போட்டிக்குள் நுழைய முடியவில்லை. 2025-இல் அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் போன இடம் அலபாமாவின் பர்மிங்ஹாம். அணியே இல்லாத கல்லூரி. நான்காவது பருவத்தில், அதே ஊரில், நட்சத்திர வீரர் ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய வெர்ஜீனியாவை 68-66 என்று வீழ்த்தினீர்கள். அங்கே உங்களுக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை. பின்னால் வந்தவர்களின் ஆட்டங்கள் நடந்த அரங்குக்கு உங்கள் பெயர்.

அன்புடன்,
ஒரு ரசிகன்