குழாய்க் கறைக்கு வினிகரும் சோடாவும் கலக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக் குறிப்புப் பகுதிகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறிப்பைப் பற்றியது இந்தக் கடிதம். "பாத்ரூம் டேப்பில் உப்புக் கறையா? வினிகரும் ஆப்ப சோடாவும் சம அளவு கலந்து பூசுங்கள், பளபளக்கும்" என்பதுதான் அது. இணைப்பிதழ்களில் வருகிறது, யூடியூபில் வருகிறது, வாட்ஸ்அப்பில் வருகிறது. கலந்ததும் பொங்குவதால் பெரிய வேலை நடப்பது போலத் தெரியும். வினிகர் புளிப்பு, சோடா காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்ப்பதுதான் அந்தப் பொங்கல். பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீரும் தீராத சோடாவும்தான்; கறையைக் கரைக்கும் புளிப்பு அதில் இல்லை. பூசி அரை மணி நேரம் கழித்தும் கறை அசையாதபோது, அடுத்ததாகக் கை போவது தெருவில் வண்டியில் விற்கும் ஆசிட் பாட்டிலுக்கு. உதவாத குறிப்பு ஒன்று ஆபத்தான பொருளிடம் கொண்டுபோய் விடுகிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் குளியலறைக்கு வருவது போர்த் தண்ணீர். 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று வீடுகளில் பிரித்துச் சொல்வது சரியான கணிப்பு. கோவையில் சிறுவாணித் தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்கும். அதே தெருவில் போர்த் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தாலும் நுரை சரியாக வராது. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் காரணம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு, அதாவது இந்த உப்புகளின் மொத்த அளவுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 600 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் தெறித்துக் காய்ந்தால், அரை கிராமுக்கு மேல் உப்பு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்த வெள்ளைப் பொருக்கில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுவரில் அடித்த சுண்ணாம்பு காய்ந்து இறுகினால் என்ன ஆகுமோ, அதே பொருள்தான். அதைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். சோப்புக்கும் சோடாவுக்கும் பினாயிலுக்கும் அது மசியாது.

புளிப்புக்கு வீட்டில் பஞ்சமில்லை. கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் சுமார் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய 5 சதவீதம் சிட்ரிக் அமிலம். ஆனால் இந்த வேலைக்கு உகந்தது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, லெமன் சால்ட் என்று கேட்டால் தருகிறார்களே, அந்தச் சிட்ரிக் அமிலத் தூள்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம், அதாவது மேசைக்கரண்டியால் தலைதட்டி ஏறக்குறைய நான்கு கரண்டி கரைத்தால் எலுமிச்சைச் சாற்றின் வீரியம் வந்துவிடும். நாற்றமில்லை, பிசுபிசுப்பில்லை. சீக்கிரம் வேலை முடியட்டும் என்று கொதிநீரில் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது தவறு. சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு வெள்ளைப் படிவு எளிதில் இறங்கிவிடும். சாதாரணத் தண்ணீரோ கை பொறுக்கும் வெதுவெதுப்போ போதும்.

டேப்பில் தண்ணீர் சிதறிச் சிதறி வந்தால் டேப்பை மாற்றத் தேவையில்லை. அடைத்திருப்பது அதன் வாயில் திருகியிருக்கும் சல்லடை. பிளம்பர்கள் ஏரேட்டர் என்பார்கள். முதலில் வாஷ்பேசின் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள். சின்ன வாஷர் உள்ளே விழுந்தால் தேடி எடுக்க முடியாது. சல்லடையைக் கழற்றும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். டேப்புக்கு அடியிலிருந்து நிமிர்ந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். மேலே நின்று குனிந்து பார்க்கிறவருக்கு அது முள் சுற்றும் திசையாகத் தெரியும். பழக்கத்தில் எதிராகச் சுற்றி, இன்னும் இறுக்கி, மரையையே கெடுத்துவிடுவார்கள். கைக்கு வரவில்லையென்றால் துணியைச் சுற்றிக் கட்டிங் பிளையரால் மெல்லப் பிடியுங்கள். உள்ளே ரப்பர் வாஷர், பிளாஸ்டிக் சல்லடை, வலை என்று அடுக்காக இருக்கும். பிரிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. ரப்பரைத் தனியே எடுத்துவிட்டு, மற்றதை ஒரு டம்ளர் எலுமிச்சை உப்புக் கரைசலில் அரை மணி நேரம் போட்டால் குமிழி குமிழியாக வந்து பொருக்கு விடும். குமிழி நின்ற பிறகும் வெள்ளை இருந்தால் கரைசலின் வீரியம் தீர்ந்துவிட்டது என்று பொருள். புதிதாகக் கரைத்து ஊற்றுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசி விட்டுக் குத்தினால் வலை கிழியும். பூட்டும் முன் டேப்பைப் பத்து விநாடி திறந்து விட்டால் குழாயில் நிற்கும் மணல் வெளியே போய்விடும். இந்தக் கடைசி வேலையை விட்டால் இரண்டே நாளில் மறுபடி அடைக்கும்.

டேப்பின் வெளிப்புறத்தில் கரைசல் வழிந்து ஓடினால் பயனில்லை, ஈரம் நிற்க வேண்டும். பழைய வேட்டித் துணியைக் கரைசலில் நனைத்து டேப்பைச் சுற்றிக் கட்டி 20 நிமிடம் விடுங்கள். சாறு பிழிந்த எலுமிச்சை மூடியைத் தூக்கிப் போடாமல் டேப்பின் வாயில் தொப்பி போலக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டால், அந்த வட்ட விளிம்புக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஷவருக்குப் பாலித்தீன் பையில் ஒரு டம்ளர் வினிகரை ஊற்றி, முகப்பு முழுதும் மூழ்கும்படி கழுத்தில் கட்டி, அரை மணி நேரம் விடலாம். ரப்பர் முனை உள்ள ஷவரில் அதன் பிறகு கட்டை விரலால் ஒவ்வொரு முனையையும் நெருடினாலே உப்பு உதிரும்.

'இரவு முழுதும் ஊற விடுங்கள்' என்ற குறிப்பை டேப், ஷவர் விஷயத்தில் ஏற்க வேண்டாம். டேப்பின் மினுமினுப்பு குரோம் முலாம். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அடியில் நிக்கல், அதற்கும் அடியில் பித்தளை. மென்மையான புளிப்பை அரை மணி நேரம் தாங்கும் முலாம், தெரு ஆசிட்டை, அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாங்காது. முதலில் மஞ்சள் பூத்தாற்போல நிக்கல் தெரியும், பிறகு பித்தளையில் பச்சைப் புள்ளி விழும். அந்த நிலைக்குப் போன டேப்பை எதைப் போட்டுத் தேய்த்தாலும் பழைய பளபளப்பு திரும்பாது. ஆசிட்டை டேப்பில் படாமல் தரையில் மட்டும் ஊற்றினாலும் அந்தப் புகை மூடிய குளியலறையில் டேப்பையும் கம்பியையும் அரிக்கும். மூடி சரியில்லாத ஆசிட் பாட்டிலை மூலையில் வைத்திருப்பதே போதும். பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தால் குழந்தை எடுத்துக் குடிக்கும் அபாயம் வேறு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது, வாங்குபவரின் விவரத்தைப் பதிய வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் வாசலில் அளந்து ஊற்றுகிறார்கள் என்பது வேதனையானது.

புளிப்பு எங்கே படக் கூடாது என்பதைக் குறிப்பு எழுதுகிறவர்கள் சொல்வதே இல்லை. மார்பிள் என்பதும் கால்சியம் கார்பனேட்தான். நம் வீடுகளில் அலமாரித் தட்டாகவும் வாஷ்பேசின் மேடையாகவும் பதித்திருக்கும் கடப்பா கல்லும் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். மொசைக் தரையில் மார்பிள் சில்லும் சிமென்டும் இருக்கின்றன. வினிகருக்கு உப்புக் கறை வேறு, இந்தக் கல் வேறு என்று தெரியாது, இரண்டையும் தின்னும். கறுப்புக் கடப்பா கல்லில் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தால் அங்கே எப்போதோ எலுமிச்சைச் சாறு நின்றிருக்கும். டைல்ஸ் இடுக்குகளில் உள்ள சிமென்டும் அப்படித்தான். வேலை தொடங்குமுன் இடுக்குகளை நல்ல தண்ணீரால் நனைத்துவிட்டால் புளிப்பு உள்ளே அதிகம் இறங்காது. முடிந்ததும் இரண்டு குவளை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

பக்கெட், மக், டைல்ஸ் மீது படியும் வழவழப்பான வெள்ளை வேறு ரகம். அது உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து உண்டாகும் கசடு. சோடாவுக்கு இங்கேதான் வேலை, ஆனால் இரண்டாவதாக. முதலில் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் விட்டால், புளிப்பு கால்சியத்தைப் பிரித்தெடுக்கும்; கொழுப்புப் பிசுக்கு மிஞ்சும். கழுவிவிட்டு, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்துத் தேய்த்தால் அந்தப் பிசுக்கு சோப்பாகவே மாறிக் கரைந்து போகும். இடையில் கழுவாவிட்டால் மறுபடி பழைய பொங்கல்தான். சலவை சோடா கையை அரிக்கும், உறை அணியுங்கள். அலுமினியத்தில் படக் கூடாது. ஆப்ப சோடாவை மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்தால் வாஷ்பேசினைக் கீறாமல் தேய்க்க நல்ல பொடி, அவ்வளவே. செங்கல் பொடி, சாம்பல், கம்பி நார் மூன்றும் குரோமில் கீறல் போடும். அந்தக் கீறலில்தான் அடுத்த உப்பு கெட்டியாகப் பிடிக்கும்.

சொட்டுகிற டேப்புக்குக் கீழே செம்பழுப்பாகக் கோடு விழுந்திருந்தால் அது இரும்புக் கறை. அதற்குப் பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை இன்னும் ஆழமாகப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பையும் அது துருவாக மாற்றிப் படிய வைக்கும். எலுமிச்சை உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பூசி அரை மணி நேரம் விடுங்கள். அதற்கு முன் டேப்புக்கு வாஷர் மாற்றுங்கள். சொட்டு நிற்காமல் கறை நிற்காது.

வெஸ்டர்ன் கோப்பையில் தண்ணீர் மட்டத்தில் வளையமாக இறுகிய பொருக்குக்கு மட்டும் இரவு முழுதும் விடலாம், பீங்கான் மெருகு இந்தப் புளிப்புக்கு அசையாது. பிரஷ்ஷால் தண்ணீரை உள்ளே தள்ளி மட்டத்தை இறக்கி, அரை லிட்டரில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதில் நனைத்த பருத்தித் துணியை வளையத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். காலையில் துணியைக் கையுறையால் எடுத்துவிட்டுத் தேயுங்கள். துணியோடு ஃப்ளஷ் செய்தால் அடைப்புக்கு ஆள் தேட வேண்டி வரும். கீசர் உள்ளே படியும் உப்பில் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம், மின்சாரம் இருக்கிறது. சூட்டை 55 டிகிரிக்குள் வைத்தால் படிவது குறையும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, ஆசிட் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறைக்கென்று விற்கும் நீலத் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், அவற்றோடும் கூடாது. ஒரே நாளில் அடுத்தடுத்து ஊற்றுவதும் கலப்பதற்குச் சமம். கண் எரிந்து தொண்டை கமறினால் கழுவிக்கொண்டு நிற்காமல் கதவைத் திறந்து உடனே வெளியே வந்துவிட வேண்டும். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். துப்புரவுக் குறிப்பு எதை வெளியிட்டாலும், எந்தப் பரப்புக்கு, எத்தனை நிமிடம், எதனோடு கலக்கக் கூடாது என்ற மூன்றையும் அதே இடத்தில், அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். வினிகர், சோடா கலவைக் குறிப்பை இனி வெளியிடாதீர்கள். இடம் இருந்தால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: கதவுக்குப் பின்னால் ஒரு பருத்தித் துணியைத் தொங்கவிட்டு, கடைசியாகக் குளிக்கிறவர் டேப்பை ஈரம் போகத் துடைத்துவிட்டால், இதில் பாதி வேலைக்கு அவசியமே வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்