13 மீட்டரில் சத்தம் இல்லை

அன்புள்ள முருகேசா,

நலம். நீ அனுப்பிய பார்சல் போன வாரமே வந்துவிட்டது. பரணில் கிடந்த பழைய கணக்கு நோட்டு என்று எழுதியிருந்தாய். அது கணக்கு நோட்டு இல்லை. 1988 முதல் 1996 வரை அப்பா கேட்ட சிற்றலை நிலையங்களின் பட்டியல். தேதி, நேரம், மீட்டர் (அலைநீளம்), நிலையம், எவ்வளவு தெளிவு என்று வாத்தியார் கையெழுத்தில், ஓர் அடித்தல் இல்லாமல் எழுதியிருக்கிறார். நான்கு நாளாக மேசையை விட்டு எடுக்கவில்லை.

அந்த வால்வு ரேடியோ உனக்கு நினைவிருக்கும். காலையில் 13 மீட்டரில் ஆஸ்திரேலிய வானொலியைப் பிடித்துவிட்டு நம் இருவரையும் கூப்பிடுவார். 1989, 90, 91 பக்கங்களில் அதற்கு எதிரே "மிகத் தெளிவு" என்று வரிசையாக இருக்கிறது. 93-இல் "மங்கல்". 95-இல் பல நாள் "சத்தம் இல்லை". மூன்று முறை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வால்வு மாற்றினார்கள், கண்டன்சர் மாற்றினார்கள், கடைசியில் காயில் என்கிற கம்பிச்சுருள் போய்விட்டது என்றார்கள். செட்டுக்கு வயதாகிவிட்டது, கொடுத்துவிடுங்கள் என்று நானும் சொன்னேன். 96-இல் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்.

முருகேசா, அந்த ரேடியோ கெட்டுப்போகவில்லை.

நோட்டையும், சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகளை எண்ணி அந்த ஆண்டுகளுக்குப் போட்ட வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் 1989 கடைசியில் உச்சத்தில் இருக்கின்றன, 1996-இல் அடிமட்டத்துக்கு வந்துவிடுகின்றன. ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஏற்ற இறக்கம் அது. அப்பாவின் எழுத்தும் அதோடு சேர்ந்தே இறங்குகிறது.

காரணத்தை உனக்கு விளக்கமாகச் சொல்லவேண்டும். ரேடியோ அலை தன் போக்கில் நேராகப் போவது. பூமி உருண்டை. ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பியது நேர்வழியில் கோவில்பட்டிக்கு வந்து சேராது. ஆனால் தலைக்கு மேல் 200, 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுத்து ஒரு படலத்தை உண்டாக்கி வைத்திருக்கின்றன. அயனி மண்டலம் என்று பள்ளியில் ஒரு வரியில் படித்துவிட்டு வந்தோமே, அதுதான். அலை அதில் வளைந்து கீழே இறங்கும், தரையில் பட்டு மறுபடி மேலே போகும். எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருந்தால்தான் உயர்ந்த அதிர்வெண் அலைகள் திரும்பி வரும். 13 மீட்டர் என்பது 21 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. புள்ளிகள் நிறைந்த ஆண்டுகளில் புற ஊதாவும் கூடுதல், அலை வளைந்து வந்துவிடுகிறது. புள்ளிகள் வற்றிய ஆண்டுகளில் அதே அலை படலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடுகிறது. அப்பாவுக்கு வரவேண்டியது அப்படித்தான் போயிருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே 95-ஆம் ஆண்டுப் பக்கங்களில், இரவு நேரத்து 41, 49 மீட்டர் நிலையங்களுக்கு எதிரே "தெளிவு" என்றே இருக்கிறது. குறைந்த அதிர்வெண் என்பதால் மெலிந்த படலமே அவற்றுக்குப் போதும். அன்றைக்கு அந்தப் பக்கத்தை யாராவது புரட்டியிருந்தால் காயிலைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் கடைக்காரரை இப்போது நான் குற்றம் சொல்ல முடியாது. ஓய்வு பெற்றபின் ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்வதற்கான உரிமம், வாங்கினேன் என்று சொன்னேனே, ஒரு முற்பகலில் 40 மீட்டரில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவிலேயே எல்லாருடைய குரலும் மங்கிக் காணாமல் போனது. வழக்கமான இரைச்சல்கூட அடங்கிவிட்டது. கேபிளைக் கழற்றினேன், கனெக்டரைச் சுரண்டினேன், மொட்டைமாடிக்கு ஏறி ஆன்டெனாக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் போனது. முதலில் 20 மீட்டர் உயிர் பெற்றது, அப்புறம் 40. சூரியனில் ஒரு சுடர் வெடித்திருக்கிறது. அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடச் சொச்சத்தில் இங்கே வந்து, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் அடிப்படலத்தைத் தடிப்பாக்கிவிடும். அது அலையைத் திருப்பாது, விழுங்கிவிடும். பகலாக இருக்கும் பாதி உலகத்துக்குத்தான் இந்தப் பாதிப்பு.

எனக்குப் போனது ஒரு மணி நேர அரட்டை. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் கரீபியன் தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்தபோது இதேபோல எக்ஸ் 9.3 அளவில் ஒரு சுடர் வெடித்தது; எக்ஸ் என்றால் சுடர்களில் மிக வலிய வகை. புயல் செய்தி பரிமாறிக்கொண்டிருந்த ஹாம்களின் சிற்றலைத் தொடர்பு அந்த நேரத்தில் பாதிக்கப்பட்டது. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்த படம் அனுப்பியிருந்தாயே, அது வேறு வகை. சூரியன் வீசியெறிந்த மின்னேற்றத் துகள்கள் ஒன்றிரண்டு நாள் பயணப்பட்டு வந்து பூமியின் காந்தப் புலத்தைக் குலுக்கியதால் வந்தது. 2003-க்குப் பிறகு அத்தனை பெரிய காந்தப் புயல் வரவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவில் என் பெட்டியில் ஐரோப்பாக்காரர் ஒருவரையும் கேட்க முடியவில்லை.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. டிசம்பரில் கொடைக்கானல் போய்வந்தோம், சூரிய ஆய்வகத்தையும் பார்த்தோம். 1904-இலிருந்து அங்கே சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அப்பா காதை ரேடியோவில் வைத்துக்கொண்டிருந்த அதே காலைகளில் மலைமேல் யாரோ அந்தப் புள்ளிகளைப் படம் எடுத்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் பதிவானது ஒரே சங்கதிதான் என்று அங்கே நிற்கும்போது எனக்குத் தெரியாது. உன் பார்சல் வந்தபிறகுதான் உறைத்தது.

சூரியன் உச்சக் காலத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. இனி மெல்ல இறங்குமுகம்தான், 2030 வாக்கில் மறுபடி வற்றிவிடும். அதற்குள் ஒரு நடை வா. ஆஸ்திரேலிய வானொலி 2017-இலேயே சிற்றலையை நிறுத்திவிட்டது. ஆனால் அந்த ஊர் ஹாம்கள் 21 மெகாஹெர்ட்ஸில் வருகிறார்கள், நேற்றுக் காலைகூட ஒருவர் மிகத் தெளிவாக வந்தார்.

நோட்டின் கடைசியில் பதினோரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. நேற்று வந்ததை அதில் எழுதலாமா? அப்பா நோட்டு, உன்னைக் கேட்காமல் பேனாவை வைக்க மனம் வரவில்லை. பதில் போடு.

அன்புடன்,
உன் செல்வம்