ஆக்ஸ்போர்டு விமானம் ஓட்டிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உயிரோடு இருந்திருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பாய். அந்தக் கணக்கில் நீ எனக்குத் தாத்தா முறை. ஆனால் 1941 டிசம்பர் 11 அன்று உனக்கு 19 வயதுதான், அப்புறம் ஏறவே இல்லை. அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

உன்னைத் தேடி நான் வரவில்லை. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் படிக்க உட்கார்ந்தது ஜான் கில்லெஸ்பி மகீயைப் பற்றி. ஷாங்காயில் பிறந்தவன், அப்பா அமெரிக்கப் பாதிரியார், அம்மா இங்கிலாந்துக்காரர். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டுக் கனடா விமானப்படையில் இரண்டாம் உலகப் போரின்போது சேர்ந்தான். வானில் பறக்கும் பரவசத்தைப் 14 வரிகளில் கவிதையாக்கி, பெற்றோருக்கு எழுதிய கடிதத்தோடு அனுப்பினான். 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த அன்று அதிபர் ரீகன் அந்த வரிகளைத்தான் எடுத்துச் சொன்னார்.

அவன் கதையின் கடைசியில்தான் நீ வருகிறாய். 'ஒரு பயிற்சி விமானத்தோடு மோதி' என்று. பெயர்கூட இல்லாமல், ஏதோ மரத்தில் மோதின மாதிரி.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் அன்று மேகம் தாழ்ந்து கிடந்தது. கிரான்வெல் விமானப்படைத் தளத்தின் ஆக்ஸ்போர்டு விமானத்தை நீ ஓட்டிக்கொண்டிருந்தாய். இரட்டை எஞ்சின், பெரும்பாலும் மரத்தால் ஆன உடம்பு. குண்டுவீச்சு விமானம் ஓட்டப் போகிறவர்கள் கை பழகும் வண்டி அது, எங்கள் ஊரில் எல் போர்டு மாட்டிய கார் போல. அந்தக் காலத்தில் பயிற்சி விமானங்களுக்கு அடிவயிற்றில் பளிச்சென்ற மஞ்சள் அடிப்பார்கள், கீழே இருப்பவர்களுக்கு நம்ம ஆள் என்று தெரிய. முதுகில் மட்டும் வயல்வெளியோடு கலந்துபோகும் பச்சையும் பழுப்பும். மகீயின் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் மேக இடைவெளி வழியே மேலிருந்து இறங்கியது. தரையிலிருந்து சுமார் 1,400 அடியில் நீங்கள் இருவரும் மோதிக்கொண்டீர்கள்.

அவன் மேல்மூடியைத் தள்ளித் திறந்து, எழுந்து நின்று குதித்ததை ஒரு விவசாயி பார்த்திருக்கிறார். பாராசூட் விரிய உயரம் போதவில்லை. கதை சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் அவனோடு கீழே இறங்கிவிடுகிறார்கள். நானும் இத்தனை நாள் அப்படித்தான் படித்தேன்.

உன்னைப் போன்றவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் எதிரியையே பார்க்காமல், பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் போனவர்கள் 8,000 பேருக்கு மேல். பயிற்சி முடித்து, விமானி என்பதற்கான இறக்கைச் சின்னத்தை நெஞ்சில் தைத்துக்கொள்ளும் நாளுக்காகக் காத்திருந்த பையன்கள் அதில் எத்தனையோ பேர். உனக்கும் அந்த நாள் வரவில்லை.

அதே லிங்கன்ஷயரின் ஸ்கோப்விக் கிராமத்தில் மகீயின் கல்லறைக் கல்லில் கவிதையின் முதல் வரியும் கடைசி வரியும் இருக்கின்றன. நல்ல கவிதைதான், அவன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவனுக்கும் 19 வயது. அவனும் அன்று சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை தம்பி, பயிற்சி முடிந்துதான் திரும்பிக்கொண்டிருந்தான். அப்போது மணி பதினொன்றரை இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருமே தரையில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

அன்புடன்,
ஓர் அக்கா